ஆசிரியருக்கு மட்டும் திறைசேரி வெறுமையா?

2021ஆம் ஆண்டு யூலை மாதம் 8ஆந் திகதி, கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழக மசோதாவை எதிர்த்துப் பாராளுமன்றச் சுற்றுவட்டத்தருகே கூடிநின்ற ஆசிரியர்களையும் மாணவர்களையும் தொழிற்சங்கத்தினரையும் பொலிசார் கைது செய்தனர். நீதவான் அவர்களுக்குப் பிணை வழங்கினார். பிணை பெற்றவன் தன் வீட்டுக்குச் செல்வதே இந்நாட்டின் சட்டம். அன்று நடந்ததோ வேறு. இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உட்படப் பலர், நோய்த் தடுப்பு என்னும் பெயரால் பலாத்காரமாக வாகனத்தில் ஏற்றப்பட்டு, தலைநகரிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

நீதிமன்றத்தின் கட்டளை ஒரு கையில் இருக்க மறு கை மனிதனை இழுத்துச் செல்லும் இக்காட்சி, சட்டத்தைத் தொழிலாகக் கொண்ட எமக்கு எளிதில் மறக்கக் கூடியதன்று. அவர்கள் கொண்டு செல்லப்பட்ட இடமோ அதனினும் சிந்தனைக்குரியது. கேப்பாப்புலவு என்றால் தமிழ் மக்களுக்கு வேறொரு பொருள் உண்டு. 2009இல் போர் முடிந்த பின்னரும் சொந்த மண்ணுக்குத் திரும்ப விடப்படாத குடும்பங்கள், 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் படைமுகாமின் வேலிக்கு முன்னால் குழந்தை குட்டிகளுடன் இரவு பகலாக அமர்ந்திருந்த ஊர் அது. உழவனின் காணியைப் பிடித்த வேலிக்குள்ளேயே உபாத்தியாயரும் அடைக்கப்பட்டார். அவரை அங்கு கொண்டு சேர்த்ததும், கல்வியைப் படையினரின் கையில் ஒப்படைக்கும் மசோதாவொன்றை எதிர்த்த குற்றமே. இந்நாட்டு அரசாங்கங்கள் பணத்தை எங்கே கொட்டுகின்றன, எங்கே கிள்ளித் தெளிக்கின்றன என்பதை விளக்க இதனினும் தெளிவான படம் எமக்குத் தேவையில்லை.

அக்கைதுகளைக் கண்டித்துத் தொடங்கிய ஆசிரியர் வேலைநிறுத்தம் விரைவில் பழைய வழக்கொன்றைச் சந்திக்குக் கொண்டு வந்தது. 1997ஆம் ஆண்டுச் சம்பளத் திட்டத்தின்போது, ஒப்பான தகைமையும் ஒப்பான பொறுப்புமுடைய ஏனைய அரச சேவைகள் மேலே ஏற்றப்பட, ஆசிரியரும் அதிபரும் பின்தள்ளப்பட்டனர் என்பதே அவ்வழக்கு. இருபத்துநான்கு ஆண்டுகளாக ஒவ்வோர் அரசாங்கத்தின் முன்னும் அது வைக்கப்பட்டது. ஒவ்வோர் அரசாங்கமும் ஒரு குழுவை அமைத்தது. குழு ஓர் அறிக்கையை எழுதிற்று. அறிக்கை ஓர் அலுமாரியைச் சேர்ந்தது. குழு அமைப்பதும் ஒருவகைத் தவணைதான். நீதிமன்றத்தில் தவணை கேட்பவன் காரணமாவது சொல்ல வேண்டும்; அமைச்சரவைக்கு அந்தச் சிரமமும் இல்லை.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த அப்போராட்டத்தின் பயனாக, 2022ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென 3,000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. கைக்கு வந்தது தாம் கேட்டதில் மூன்றிலொரு பங்கே என்பது ஆசிரியர் சங்கங்களின் கணக்கு. அந்த மூன்றிலொன்றுக்குத்தான் என்ன நேர்ந்தது? 2022 ஏப்பிரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதெனக் கைவிரித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதமாயிற்று, உணவுப் பொருள்களில் அது 94.9 வீதம். சனவரியில் கொடுத்ததைச் செப்டெம்பரின் சந்தை பறித்துக் கொண்டது. அரிசிக்காரனும் மண்ணெண்ணெய்க்காரனும் சம்பளச் சுற்றுநிருபத்தைப் பார்த்து விலை வைப்பதில்லை. அதே ஆண்டில், அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமில்லாத விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்கலாமெனச் சுற்றுநிருபம் வெளிவந்தது. ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கக் கூடியவனுக்கே வெளியில் கதவு திறந்திருக்கும். அவன் போனான். வகுப்பறையில் அவனுடைய நாற்காலி மட்டும் இருந்தது.

எஞ்சிய இரண்டு பங்கைக் கேட்டு 2024 யூன் 26ஆந் திகதி ஆசிரியர்கள் கொழும்பு வீதியில் இறங்கியபோது, அவர்கள்மேல் நீர்த்தாரையும் கண்ணீர்ப்புகையும் பாய்ச்சப்பட்டன. சுகயீன விடுமுறைப் போராட்டம் என்று அதற்குப் பெயர். உண்மையிற் சுகயீனம் எங்கிருந்தது என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

ஆட்சி மாறிற்று. 2025 பெப்ரவரியில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்பிரல், 2026 சனவரி, 2027 சனவரி என மூன்று கட்டங்களில் அது வழங்கப்படுமெனக் கூறப்பட்டது. இது ஒன்றுமில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கடனில் மூழ்கிய நாட்டில் அடிப்படைச் சம்பளத்தை உயர்த்துவது துணிவான காரியமே. அது ஓய்வூதியத்தையும் உயர்த்தும் என்பதால் நன்மையுங்கூட. ஆயினும் இரண்டு விடயங்களை மறைத்தல் ஆகாது. முன்னரே வழங்கப்பட்டு வந்த இடைக்காலப் படிகள் அந்தப் புதிய தொகைக்குள் சேர்த்துக் கணக்கிடப்பட்டன; ஆகவே கையில் வந்த அதிகரிப்புக் காதில் விழுந்த அதிகரிப்பிலும் சிறியது. இது முதலாவது. மற்றையது இதனினும் பெரிது. அது எல்லா அரச ஊழியருக்கும் உரிய பொது அதிகரிப்பு. ஆசிரியரின் வழக்கோ தமக்கும் ஏனைய சேவைகளுக்கும் இடையில் 1997இல் உண்டான இடைவெளியைப் பற்றியது. ஏணியில் நிற்கும் எல்லோரும் ஒரு படி ஏறினால், கீழ்ப்படியில் நின்றவன் எல்லோரினும் கீழேதான் நிற்பான். பொது அதிகரிப்பைக் காட்டி முரண்பாடு தீர்ந்தது என்பது, வழக்குத் தொகையைக் கொடாமல் வழக்குச் செலவைக் கொடுத்துவிட்டுக் கணக்குத் தீர்ந்ததென்று சொல்வதைப் போன்றது.

பணம் இல்லையே என்பது திறைசேரியின் விடை. அந்த விடையை நாம் ஏளனஞ் செய்யப் போவதில்லை. 2025ஆம் ஆண்டுக்கு மதிப்பிடப்பட்ட அரச வருமானம் ஏறத்தாழ ஐந்து இலட்சம் கோடி ரூபா. அதில் வட்டிக்கு மட்டும் ஏறத்தாழ 2 இலட்சத்து 95 ஆயிரம் கோடி. நூறு ரூபா உழைத்து அறுபது ரூபாவை வட்டிக்காரனிடம் கொடுக்கும் குடும்பம் எப்படி வாழும் என்பது, விதைநெல்லுக்கும் பசளைக்கும் கடன்பட்டு அறிந்த எமது வன்னிக் கமக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே கமக்காரனுக்கு இன்னொன்றும் தெரியும். எஞ்சிய நாற்பது ரூபாவை எதற்குச் செலவிடுவது என்பதில்தான் குடும்பத் தலைவனின் யோக்கியதை வெளிப்படும்.

அந்த நாற்பது ரூபாவின் கதை இது. அதே ஆண்டு ஒதுக்கீட்டில் பாதுகாப்பு அமைச்சுக்கு ஏறத்தாழ 44,200 கோடி. உயர்கல்வியும் சேர்ந்த கல்வி அமைச்சுக்கு ஏறத்தாழ 27,100 கோடி. இவ்விடத்தில் நேர்மையாக ஒன்றைக் கூற வேண்டும். மாகாணப் பாடசாலை ஆசிரியரின் சம்பளம் கல்வி அமைச்சின் கணக்கில் வருவதில்லை. மாகாண சபைகளுக்கான கொடையின் வழியாகவே செல்கின்றது. ஆகவே இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து முழக்கமிடுவது அரைக் கணக்கு. எமது மேடைகளில் அது நடைபெறுவதுண்டு. நாம் அதைச் செய்ய விரும்பவில்லை. மாகாணப் பங்கையும் சேர்த்துப் பார்த்தாலும், இந்நாடு கல்விக்குச் செலவிடுவது நெடுங்காலமாக மொத்த உள்நாட்டு உற்பத்தியின் இரண்டு வீதத்தைச் சுற்றியும் அதற்குக் கீழுமே நின்று வந்திருக்கின்றது. நான்கு முதல் ஆறு வீதம் வரை செலவிட வேண்டுமென்பது 2015இல் இஞ்சியோனில் உலக நாடுகள் கூடி எடுத்த முடிவு. ஆறு வீதம் வேண்டுமென்று 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூன்று மாதம் வேலையை நிறுத்தினர். அன்று அக்கோரிக்கையைச் சுமந்து சென்றவர்கள் பலர் பின்னர் பெரிய ஆசனங்களில் அமர்ந்தனர். வீதம் மட்டும் எழுந்திருக்கவில்லை.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாட்டின் அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் தொகையைச் சற்றுத் தாராளமாகவே 2,40,000 எனக் கொள்வோம். ஒவ்வொருவருக்கும் மாதம் 5,000 ரூபா மேலதிகமாகக் கொடுத்தால் மாதம் 120 கோடி. ஆண்டுக்கு 1,440 கோடி. பாதுகாப்பு ஒதுக்கீட்டில் இது முப்பதில் ஒரு பங்கு. எதிரியென்று எவரும் எல்லையில் நிற்காத நாட்டில், போர் ஓய்ந்து பதினாறு ஆண்டு கழிந்த ஒரு வரவு செலவுத் திட்டத்தில், முப்பதில் ஒரு பங்கைத் தேடுவது அவ்வளவு அரிதா?

படையினரைத் தெருவில் விடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. பாதுகாப்புச் செலவிற் பெரும்பகுதி சம்பளமும் உணவுமே. அச்சம்பளத்தை நம்பி வாழ்பவன் தென்னிலங்கைக் கிராமத்து வறிய உழவனின் மகன் என்பதும், வேறு வேலை கிடைத்திருந்தால் அவனும் துவக்கைத் தூக்கியிருக்க மாட்டான் என்பதும் எமக்குத் தெரியும். ஆனால் படையைக் குறைக்க வேண்டுமென்பது எமது வாய்ச்சொல் மட்டுமன்று. 2,00,783 பேரெனக் கணக்கிடப்பட்ட இராணுவத்தை 2024இல் 1,35,000 ஆகவும், 2030இல் 1,00,000 ஆகவும் குறைப்போமென 2023 சனவரியில் பாதுகாப்பு அமைச்சே அறிவித்தது. ஓய்வுபெற்றுச் செல்பவனின் இடத்தை நிரப்பாமல் விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆளைக் குறைத்தால் செலவும் குறைய வேண்டும். குறைந்த செலவு எங்கே போகின்றதென்று கேட்பது பாராளுமன்றத்திலிருப்போரின் கடமை. வாக்களிப்பு நாளில் மட்டும் வந்து கையுயர்த்துபவருக்கு அக்கேள்வி தோன்றாது.

படைக்கும் பாடசாலைக்கும் இடையிலுள்ள இப்போட்டி ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. வன்னி மக்கள் அதைக் கண்ணாரக் கண்டவர்கள். போருக்குப் பின்னான ஆண்டுகளில், பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் பண்ணைகளை நடத்தியது. முன்பள்ளிகளுக்கும் ஆசிரியைகளை நியமித்தது. மாகாணக் கல்வி நிர்வாகத்தின் கீழிருந்த முன்பள்ளி ஆசிரியைக்கு மாதம் சில ஆயிரம் ரூபா மட்டும் கிடைத்த காலத்தில், திணைக்களத்து ஆசிரியைக்கு அதன் பல மடங்கு சம்பளம் கிடைத்தது. ஒரே ஊர், ஒரே வயதுக் குழந்தைகள், ஒரே அரிச்சுவடி. ஒருத்திக்குச் சம்பளம் கொடுத்தது கல்வி. மற்றவளுக்குச் சம்பளம் கொடுத்தது பாதுகாப்பு. கணவனை இழந்து பிள்ளைகளோடு நின்ற பெண் எந்தக் கதவைத் தட்டுவாள்? அவளை நாம் குறை கூறோம். ஆனால் பணம் இல்லையென்ற திறைசேரியின் வாய்மொழியை அந்த முன்பள்ளிகள் பொய்யாக்கின. பணம் இருந்தது. சீருடைத் திணைக்களத்தின் கையால் வந்தால் மட்டும் அது முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைத்தது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின்படி, தேசியப் பாடசாலை முதலான குறித்துரைக்கப்பட்ட சில ஒழிய, ஏனைய அரசாங்கப் பாடசாலைகள் மாகாணத்துக்குரியவை. நாட்டிலுள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அவ்வாறானவையே. மாகாணத்தின் தேவைகளை நிறைவு செய்யப் போதியளவான நிதியை, நிதி ஆணைக்குழுவின் விதப்புரையின் மீதும் அதனோடு கலந்தாலோசித்தும், அரசாங்கம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலிருந்து ஒதுக்க வேண்டுமென்பது 154ஆம் உறுப்புரையின் ‘ஆர்’ பிரிவு. ஒதுக்கலாம் என்றன்று, ஒதுக்க வேண்டும் என்றே அது கூறுகின்றது. கையில் இருப்பதைக் கொடு என்றன்று, போதியளவு கொடு என்றே கூறுகின்றது. நிதி ஆணைக்குழுவில் மத்திய வங்கி ஆளுநரும் திறைசேரிச் செயலாளரும் பதவி வழியாக அமர்வர்; மூன்று பெரும் சமூகங்களையும் பிரதிநிதித்துவஞ் செய்ய மேலும் மூவர் நியமிக்கப்படுவர். கேட்பவனும் கொடுப்பவனும் ஒரே மேசையில் இருக்கும் அமைப்பு அது. போதியளவு என்பதன் பொருளைக் கொடுப்பவனே தீர்மானித்தால் அச்சொல் அரசியலமைப்பில் இருந்தென்ன, அகராதியில் இருந்தென்ன?

இதன் விளைவு விசித்திரமானது. மாகாண ஆசிரியரை நியமிப்பது மாகாணம், இடமாற்றுவது மாகாணம், சம்பளத்தை வழங்குவதும் மாகாணம். சம்பளம் எவ்வளவென்று தீர்மானிப்பது மட்டும் கொழும்பு. மாகாணத்துக்கு வரும் மீண்டெழும் செலவுக் கொடையிற் பெரும்பகுதி சம்பளத்திலேயே கரைந்துவிட, கரும்பலகை வாங்கவும் கழிவறை கட்டவும் மாகாணம் மறுபடியும் கையேந்துகின்றது. ஒற்றையாட்சி என்னும் மரத்தில் மாகாண சபை என்னும் கிளையை ஒட்டியவர்கள், அதற்கு நீர் செல்லும் வழியை மட்டும் கட்டிவிட்டனர். அந்தக் கிளையிலும் இலை இல்லை: கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலும், வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலும் முடிந்தன. அதன் பின்னர் 2025 வரை தேர்தலின்றி ஆளுநர்களே மாகாண நிதியை நிர்வகித்து வந்தனர். மக்களுக்கு விடைசொல்ல வேண்டாதவரிடம் எமது பாடசாலைகளின் பணம் இருந்தது.

கல்வியுரிமையைப் பற்றி அரசியலமைப்பு மௌனமாக இல்லை என்பார் சிலர். ஆம், எல்லா மட்டங்களிலும் யாவர்க்கும் சமமான கல்வி வாய்ப்பை உறுதிப்படுத்தல் அரசின் இலக்கென 27ஆம் உறுப்புரை கூறுகின்றது. இரண்டு உறுப்புரை தள்ளி 29ஆம் உறுப்புரையைப் படியுங்கள்: இவ்விலக்குகள் சட்ட உரிமை எதனையும் வழங்கா, எந்த நீதிமன்றிலும் வலியுறுத்தப்படா. முன்கதவால் அழைத்துப் பின்கதவால் அனுப்பும் மரியாதை இது. ஆகவே நீதிமன்றத்தைக் காட்டி ஆசிரியரை நாம் ஏமாற்றப் போவதில்லை. இது அரசியலாற் தீர்க்கப்பட வேண்டிய விடயம்.

காணி வழக்கொன்றுக்காக எம்மிடம் வரும் முதிய கமக்காரர் ஒருவர், தவணை முடிந்து விறாந்தையில் அமர்ந்திருந்தபோது சொன்னார்: “ஐயா, காலபோக நெல்லு வித்த காசிலை அரைவாசி ரியூசனுக்குப் போகுது. பள்ளிக்கூடத்திலை கணக்குக்கு ஆளில்லை. படிப்பிக்க ஒரு பிள்ளை வந்தா, ஆறு மாசத்திலை மாறிப் போகுது. உழுகிறதை நான் உழுகிறன், அறுக்கிறதை ஆரோ அறுக்கினம்.” இலவசக் கல்வி என்பது 1945 ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. கன்னங்கரா அவர்கள் அரசாங்க சபையில் அதற்காகப் பட்டபாட்டை வரலாறு அறியும். அந்த இலவசக் கல்விக்கு ஒரு கமக்காரன் எத்தனை மூடை நெல் கட்டணமாகக் கொடுக்கின்றான் என்பதை எந்தத் திணைக்களமும் கணக்கிடுவதில்லை. ஆசிரியருக்குக் கொடாது மிச்சம் பிடிக்கும் பணம் திறைசேரியில் மிஞ்சுவதாகத் தோன்றலாம். அது மிஞ்சவில்லை; பெற்றோரின் மடியிலிருந்து ரியூசன் கொட்டிலுக்கு இடம் மாறுகின்றது. வருமானம் உள்ளவன் கொடுக்கின்றான். இல்லாதவனின் பிள்ளை கணக்கில் சித்தியடையாமல் பள்ளியை விட்டு நிற்கின்றது. இதுவும் ஒரு வரிதான். பாராளுமன்றம் விதிக்காத வரி.

இங்கே எமது சமூகத்தின் முகத்தையும் கண்ணாடியில் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாண நகர்ப்புறப் பாடசாலைகளில் ஆசிரியர் நெருங்கி நிற்க, வன்னியின் உட்கிராமங்களிலும் தீவுகளிலும் கணித, விஞ்ஞான, ஆங்கில ஆசிரியர்களுக்குப் பஞ்சம் நிலவுவதை அறியாதார் இல்லை. வன்னிக்கு நியமனம் பெற்றவர் முதல் மாதத்திலேயே இடமாற்றத்துக்கு ஆள் தேடுகின்றார். அவருக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதுபவர், மேடையில் தமிழர் தாயகம் பிரிக்க முடியாததென்று முழங்கும் அதே அரசியல்வாதி. யாழ்ப்பாணத்துக்கும் துணுக்காய்க்கும் இடையில் ஒரு பஸ் பயணத் தூரத்தையே ஒன்றிணைக்க முடியாதவர்கள் வடக்கையும் கிழக்கையும் இணைப்பதெங்ஙனம்? எமது கட்சி அலுவலகங்களுக்கும் அத்தகைய கடிதம் கேட்டு வருவோர் உண்டு. அதை எழுதாது விடுவதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்பதை அனுபவித்தே கூறுகின்றோம். எப்போதும் அவ்வுறுதி இருந்ததென்று சொல்லவும் துணியோம்.

ஆனால் அந்த ஆசிரியரின் பக்கத்து நியாயத்தையும் கேட்பது முறை. வாடகை, பஸ் கட்டணம், இரண்டு இடத்து அடுப்பு என்று போனபின் எஞ்சும் சம்பளத்தில் ஓர் இளம் ஆசிரியை தனியே ஒரு குக்கிராமத்தில் எப்படி வாழ்வாள்? கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பாடசாலைகளுக்குப் பெயர் சூட்டியவர்கள், கஷ்டத்துக்கேற்ற ஊதியத்தையும் தங்குவதற்கொரு வீட்டையும் கொடுத்தால், இடமாற்றக் கடிதங்களிற் பாதி எழுதப்படாமலே போகும். மாலையில் ரியூசன் கொட்டிலில் உயிரைக் கொடுத்துக் கற்பிப்பவர் காலையில் வகுப்பில் கொட்டாவி விடுகின்றார் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை இல்லாமலில்லை. சம்பளம் உயர்ந்தால் அப்பழக்கம் மறைந்துவிடும் என்று நாம் வாக்குறுதி அளிக்கோம். சம்பளத்தை உயர்த்தாதவனுக்கு அதைக் கண்டிக்கும் உரிமை இல்லை என்று மட்டும் கூறுவோம்.

மலையகத்து நிலை இதனினும் வெட்கக்கேடானது. தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களை நிரப்பவென 2014ஆம் ஆண்டை அடுத்து ஏறத்தாழ மூவாயிரம் இளைஞர் யுவதிகள் ஆசிரிய உதவியாளர் என்னும் பெயரில் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு மாதம் கிடைத்தது 6,000 ரூபா; கிளர்ச்சிகளுக்குப் பின் அது 10,000 ஆயிற்று. முழு நேரம் வகுப்பில் நின்று முழு வேலை செய்தவருக்கு உதவியாளர் என்று பெயரிட்டதன் நோக்கம் என்ன? ஆசிரியர் என்று அழைத்தால் ஆசிரியர் சம்பளம் கொடுக்க வேண்டும். பெயரைக் குறைத்தால் கூலியைக் குறைக்கலாம் என்பது தோட்டத் துரைமாரின் பழைய சூத்திரம். கொழுந்து பறித்த தாயிடம் கையாண்டதை அரசாங்கம் பாடம் சொன்ன மகளிடமும் கையாண்டது. வடக்கிலும் கிழக்கிலும் தொண்டர் ஆசிரியர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. போர் நடந்த காலத்தில், சம்பளம் பெற்றவர்கள் வர அஞ்சிய பாடசாலைகளில் நின்று படிப்பித்தவர்கள் அவர்கள். நிரந்தர நியமனத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் அலுவலக வாசல்களில் நின்றனர். தொண்டு என்னும் சொல் இவ்வளவு மலிவாக விற்கப்பட்டதை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

தமிழ் அரசியல் ஆசிரியரால் வளர்ந்தது என்பதை நாம் நினைவூட்ட வேண்டிய நிலை வந்ததே வருத்தத்துக்குரியது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் முன்னோடி ஹண்டி பேரின்பநாயகம் ஆசிரியர். கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபர். ஒவ்வொரு கட்சிக்கும் கிராமக் கிளையை அமைத்தவரும், கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும், பொலிசாரின் தடியடியை வாங்கியவரும் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளிக்கூட வாத்தியாரே. அவருடைய சம்பளப் போராட்டம் தெற்கிலிருந்து தொடங்கியபோது, எமது பிரதிநிதிகள் பலர் அதைச் சிங்களத் தொழிற்சங்கத்தாரின் அலுவலென்று ஒதுங்கி நின்றனர். ஆனால் கேப்பாப்புலவு முகாமின் கம்பி வேலிக்குள் சிங்கள ஆசிரியன் நின்ற அந்நாட்களில், அவனுக்கும் வெளியில் காணியிழந்து நின்ற தமிழ்க் கமக்காரனுக்கும் இடையில் வேலி ஒன்றுதான் இருந்தது. வழக்கு ஒன்றாகவே இருந்தது.

ஆகவே எமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்பது இதுதான். ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் பாதுகாப்பு அமைச்சின் தலைப்பு எடுக்கப்படுகின்றது. அன்று எமது பெரும்பாலான உறுப்பினர்கள் காணி விடுவிப்பைப் பற்றியும் காணாமற் போனோரைப் பற்றியும் பேசுவர், பேசத்தான் வேண்டும். அதே நாளில் இன்னும் சில எண்களையும் கேளுங்கள். இராணுவத்தின் ஆட்தொகை எத்தனையாகக் குறைந்தது. குறைந்ததனால் மிச்சமான பணம் எந்தத் தலைப்புக்குச் சென்றது? நிதி ஆணைக்குழு வடக்குக்கும் கிழக்குக்கும் மத்திய, ஊவா மாகாணங்களுக்கும் விதந்துரைத்த தொகை எவ்வளவு. திறைசேரி உண்மையில் விடுவித்த தொகை எவ்வளவு? அவ்விரு தொகைகளையும் ஒரே தாளில் அருகருகே அச்சிட்டுச் சபாபீடத்தில் வைக்கும்படி கோருங்கள். 1997இல் உண்டான முரண்பாட்டின் எஞ்சிய இரண்டு பங்கும் எந்தத் திகதியில், எத்தனை தவணையில் தீர்க்கப்படும் என்பதற்கு எழுத்தில் விடை பெறுங்கள். நிதி நிலைமை சீரானதும் என்பது திகதியன்று. கடன்காரன் அவ்வாறு சொன்னால் எந்த நீதிபதியும் ஏற்பதில்லை.

ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆணையைப் பெற்ற கமக்கார அமைப்பையும் பெற்றோரையும் அருகே வைத்துக் கொண்டு போராடுங்கள். 2021இல் தொலைவழிக் கல்வியை நிறுத்தியபோது, கைத்தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத ஊரின் பிள்ளைகள் முன்னரே கல்வியை இழந்திருந்தனர். அவர்களின் பெற்றோருக்கு உங்கள் வழக்கை விளக்க ஒருவரும் வரவில்லை. இரசாயனப் பசளையை ஓரிரவில் தடைசெய்து அதே ஆண்டில் அந்தப் பெற்றோரின் வயலையும் அரசாங்கம் அழித்தது. இரு பகுதியாரையும் ஒரே கை அடித்த ஆண்டு அது. அப்போது இரு பகுதியாரும் சேர்ந்து நிற்கவில்லை. அடுத்த வரவு செலவுத் திட்டம் வருமுன், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் ஆசிரியரும் கமக்காரரும் ஒரே மண்டபத்தில் கூடும் கூட்டங்களை ஒழுங்கு செய்ய முன்வருவோருக்கு, இப்பத்திரிகையின் பக்கங்களும் எமது தொழிலார் சிலரின் ஓய்வு நாட்களும் காத்திருக்கின்றன.